பப்பில் பிள்ளைக்கு என்ன வேலை?

கேள்வி இது: "இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலக நண்பர்கள் ஞாயிறு மதியம் குடும்பத்தோடு பப்பில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு வயதுப் பையனைக் கூட்டிப் போவது சட்டப்படி சரியா? சரி என்றாலும் செய்யலாமா? ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் வீடியோ காலில் அவன் சொல்லிவிட்டால் நான் என்ன பதில் சொல்வது?"

தாராளமாகக் கூட்டிப் போகலாம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நழுவியதாகிவிடும். மூன்றில் முக்கியமானது அதுதான். பதினைந்து வருடமாக இங்கே பப் வேலை பார்க்கிறேன். படிக்க வந்தபோது காலி கிளாஸ் பொறுக்கினேன். பிறகு கவுண்டரில் நின்று பியர் பிடித்துக் கொடுத்தேன். இப்போது ஒரு பப்பின் லைசன்ஸில் பொறுப்பாளர் என்று என் பெயர் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவும்கூட. கவுண்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுகிறேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவானது 2003-ஆம் ஆண்டு லைசன்சிங் சட்டம். 2005 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. மது விற்க லைசன்ஸ் தரும்போது உள்ளாட்சி மன்றம் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: குற்றமும் கலாட்டாவும் நடக்காமல் தடுப்பது, வருகிறவர்களின் பாதுகாப்பு, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லாமல் பார்த்துக்கொள்வது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. நான்காவதைப் படித்துவிட்டு, பிள்ளைகளை உள்ளேயே விடக் கூடாது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. முழுக்கவோ பெரும்பாலுமோ குடிப்பதற்கென்றே இருக்கும் இடத்தில், 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை 18 வயது நிறைந்த ஒருவரின் துணை இல்லாமல் இருக்கக் கூடாது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை, அங்கேயே குடிக்க மது விற்கும் எந்த இடத்திலும், அது ஓட்டலாக இருந்தாலும், துணை இல்லாமல் இருக்கக் கூடாது. பிள்ளைகள் உள்ளே இருப்பதைப் பற்றி நாடு முழுமைக்குமான விதி இவ்வளவுதான். உங்கள் பையன் உங்களோடு வருகிறான், அதனால் ஒரு சிக்கலும் இல்லை.

பல பப் வாசலில் "பிள்ளைகளுக்கு இரவு 9 மணி வரை அனுமதி" என்று பலகை பார்ப்பீர்கள். இங்கிலாந்தில் அது நாட்டுச் சட்டம் இல்லை. அந்தக் கடையின் சொந்த விதியாகவோ, அதன் லைசன்ஸில் மன்றம் சேர்த்த நிபந்தனையாகவோ இருக்கும். அயர்லாந்துக் குடியரசில்தான் 9 மணி என்பதே சட்டம். மே முதல் செப்டம்பர் வரை, இருட்ட நேரமாவதால், 10 மணி. ஸ்காட்லாந்து இன்னொரு மாதிரி. அங்கே லைசன்ஸ் கேட்கும்போதே எந்த வயதுப் பிள்ளைகளை, எந்த நேரத்தில், கடையின் எந்தப் பகுதியில் விடுவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை அனுமதித்தால், குழந்தைக்கு டயப்பர் மாற்றும் வசதி அம்மாவும் அப்பாவும் போகக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த விதி. குழந்தையை உள்ளே விட்டால் குழந்தைக்குத் தேவையானதையும் வை என்கிறது.

இன்னொன்று, பப் உங்களை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் கடைகளிலும் சேவைகளிலும் வயதைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்கிறது, ஆனால் அந்தப் பாதுகாப்பு 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். "பிள்ளைகள் வேண்டாம்" என்று ஒரு பப் சொன்னால் கோபப்பட வேண்டாம். அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. போவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

குடிப்பது பற்றிய விதிகள் கடுமையானவை. 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் மது விற்கக் கூடாது. 16, 17 வயதுள்ளவர் பெரியவரோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, பெரியவர் வாங்கிக் கொடுத்தால், பியரோ ஒயினோ ஆப்பிள் மதுவான சைடரோ குடிக்கலாம் என்பது ஒன்றே விலக்கு. பியரில் லெமனேட் கலந்த ஷாண்டியும் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மதுதான். "ஒரு வாய் ருசி பார்க்கட்டுமே" என்று கிளாஸை நீட்டும் தாத்தாக்களை நான் தடுத்திருக்கிறேன். சில அப்பாக்கள் நுரையில் விரலைத் தொட்டுக் கைக்குழந்தையின் உதட்டில் வைப்பார்கள். விளையாட்டாகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு மது கொடுப்பது, மருத்துவக் காரணம் இல்லாவிட்டால், வீட்டுக்குள்ளேகூடக் குற்றம். 1933-இல் போட்ட சட்டம் அது, இன்றும் இருக்கிறது.

சட்டம் போதும். இனி நான் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

இங்கே பப்புக்குள் பிள்ளைகள் வருவது புதுப் பழக்கம் இல்லை. ஆதியிலிருந்து இருந்தார்கள், நடுவில் ஒரு எண்பத்தைந்து வருடம் வெளியே நிறுத்தப்பட்டார்கள், திரும்ப உள்ளே வந்திருக்கிறார்கள். விக்டோரியா காலத்துத் தொழிலாளர் வீடுகளில், அப்பாவின் சாப்பாட்டுக்குப் பியர் வாங்கி வர, கையில் ஒரு ஜாடியைக் கொடுத்துப் பிள்ளையைத்தான் அனுப்பினார்கள். 13 வயதுக்கு உட்பட்டவர் அங்கேயே குடிக்க விற்கக் கூடாது என்று 1886-இல் சட்டம் வந்தது, ஆனால் வாங்கிக்கொண்டு போவதை அது தடுக்கவில்லை. திறந்த ஜாடியோடு நடந்து வரும் பிள்ளை வழியில் ஒரு வாய் வைக்காமல் இருக்குமா? அதனால் 1901-இல் இன்னொரு சட்டம்: 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் மூடி முத்திரை வைத்த பாத்திரத்தில்தான் கொடுக்க வேண்டும். 1908-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அதற்கும் மேலே போய், 14 வயதுக்கு உட்பட்டவர் பார் பகுதிக்குள்ளேயே வரக் கூடாது என்றது.

நல்லெண்ணத்தோடு வந்த சட்டம்தான். பலன் என்ன ஆயிற்று? அப்பாவும் அம்மாவும் உள்ளே போனார்கள், பிள்ளைகள் வாசற்படியில் நின்றார்கள். குளிரில், கைக்குழந்தையை அக்காள் இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு. கார்கள் வந்தபிறகு வாசற்படி கார் நிறுத்தமாக மாறியது. என் கடைக்கு எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தினமும் வருவார். தன் சிறு வயது ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்டால் ஒரே காட்சியைத்தான் சொல்வார்: காரின் பின் சீட், உறிஞ்சு குழல் போட்ட லெமனேட் பாட்டில், ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ் (நம் ஊர் உருளைக்கிழங்கு சிப்ஸ்), ஆவி படிந்த கண்ணாடி. "அப்பா எப்போது வருவார் என்று கண்ணாடியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்" என்றார். இந்தத் தலைமுறை ஆட்கள் பலரிடம் இதே கதை இருக்கிறது.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் தன் மனத்துக்குப் பிடித்த பப் எப்படி இருக்கும் என்று எழுதினார். பின்னால் தோட்டம், அங்கே ஊஞ்சல், குடும்பம் குடும்பமாக ஆட்கள். பிள்ளைகளை விலக்கியதால் பெண்களையும் ஓரளவு விலக்கியதாயிற்று, அதனால்தான் குடும்பம் கூடும் இடமாக இருக்க வேண்டிய பப் வெறும் குடிக்கும் இடமாகப் போனது என்பது அவர் வாதம். அந்த வரியில் உண்மை இருக்கிறது. பேரனும் பாட்டியும் பக்கத்து மேசையில் இருக்கும்போது ஆட்களின் குரல் தானாகத் தணிவதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

1995-இல் இங்கிலாந்தில் 'குழந்தைகள் சான்றிதழ்' என்று ஒன்று வந்தது. அதை வாங்கிய பப்பில் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவரோடு இரவு 9 வரை இருக்கலாம். 2005-இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்தச் சான்றிதழும் தேவையில்லாமல் போனது. ஆனால் பப்பை மாற்றியதில் இவற்றைவிடப் பெரிய பங்கு 2007 ஜூலை 1-ஆம் தேதிக்கு உண்டு என்பேன். அன்றுதான் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. அதற்கு முன் பப்பில் வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ராத்திரி வீட்டுக்குப் போனால் உள்பனியன்வரை புகை நாறும் என்று. அந்தக் காற்றில் எந்தக் குழந்தையையும் உட்கார வைத்திருக்கக் கூடாதுதான்.

2012-இல் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் பற்றி ஒரு செய்தி வந்தது. பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு கிராமத்துப் பப்பில் ஞாயிறு மதியம் குடும்பத்தோடு சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு காரில் கிளம்பியபோது எட்டு வயது மகள் மற்ற காரில் இருப்பாள் என்று இவர் நினைக்க, மனைவியும் அப்படியே நினைக்க, பிள்ளை பப்பிலேயே இருந்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கூட்டிப் போனார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. கவனியுங்கள், பிள்ளையை எப்படி மறந்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். பப்புக்கு ஏன் கூட்டிப் போனீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் இது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நமக்கு இது சாதாரணமாகத் தோன்றாததற்கும் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்குக் குடிக்கும் இடம் என்றால் டாஸ்மாக். 2003-இலிருந்து மது சில்லறை விற்பனை அரசின் கையில், வாங்க 21 வயது ஆக வேண்டும். கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்கி, பக்கத்து பாரில் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தலையைக் குனிந்துகொண்டு குடித்துவிட்டு வருவது. அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக்கூடச் சுற்றிப் போகச் சொல்வோம். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு 'பப்' என்ற சொல்லைக் கேட்டால் வயிறு கலங்கத்தான் செய்யும். உங்கள் தயக்கத்தை நான் குறையாக நினைக்கவே மாட்டேன். குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்த சமூகத்தின் தயக்கம் அது.

ஆனால் இங்கே பப் என்பது அது மட்டும் இல்லை. வெளியே பூச்சட்டி தொங்கும், உள்ளே நாய் படுத்திருக்கும், வியாழக்கிழமை குவிஸ் நடக்கும், அடுப்பில் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் கிரேவியுமாக ஞாயிறு ரோஸ்ட் கிடைக்கும். சில கிராமங்களில் தபால் அலுவலகமும் மளிகைக் கடையும் மூடிப்போய் அந்த வேலையையும் பப்பே பார்க்கிறது. 2000-இல் நாடு முழுக்கச் சுமார் 60,000 பப்கள் இருந்தன, இப்போது 45,000 அளவில்தான். தப்பித்தவற்றில் பெரும்பாலானவை சாப்பாட்டை நம்பித் தப்பித்தவை. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெத்விக், வெஸ்ட் பிராம்விச் போன்ற ஊர்களில் பஞ்சாபிகள் நடத்தும் 'தேசி பப்'களில் குடும்பமாக வந்து மிக்ஸ்டு கிரில் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கலாம். லண்டன் இஸ்லிங்டனில் 2022-இல் 'தமிழ் பிரின்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு பப் திறந்து, நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் முன்பதிவு செய்து வருகிறார்கள்.

இங்கே ஒரு உண்மையையும் நான் மறைக்கக் கூடாது. குடும்பங்கள் வந்தால்தான் எங்களுக்கு ஞாயிறு வியாபாரம். நாங்கள் கிரேயான் பெட்டியும் ஹை சேரும் எடுத்துக் கொடுத்து வரவேற்பது அன்பால் மட்டும் இல்லை. அதனால் பப்காரர் வரவேற்கிறார் என்பதை, இது பிள்ளைக்கு நல்லது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு, நான் மறக்க முடியாத ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன்.

அப்போது நான் வேறொரு ஊரில், வேறொரு பப்பில் கவுண்டரில் இருந்தேன். மாலை நாலரை மணிக்கு ஒரு அப்பாவும் எட்டு வயது இருக்கும் ஒரு பையனும் வந்தார்கள். பள்ளிச் சீருடை, கழுத்து டை தளர்ந்திருந்தது, தோளில் புத்தகப் பை. அப்பாவின் நண்பர்கள் மூன்று பேர் ஏற்கெனவே இருந்தார்கள். நல்ல மனிதர்கள். சத்தம் போடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. யாரும் அந்தப் பையனிடம் கடுமையாக ஒரு சொல் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை பியர் வாங்க வரும்போதும் அப்பா அவனுக்கு ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ் வாங்கிக்கொண்டு போனார். இங்கே பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலி கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டைத் தட்டையாக்கி, நீளவாக்கில் மடித்து, மூலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே போய் நுனியைச் செருகிவிடுவார்கள். கட்டைவிரல் அளவில் இறுக்கமான ஒரு சிறு முக்கோணம் கிடைக்கும். அந்தப் பையன் அப்படிச் செய்து மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஆறு மணி வாக்கில் கவுண்டருக்கு வந்து மணி என்ன என்று கேட்டான். சொன்னேன். ஆறே முக்காலுக்கு வந்து போன் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டான். அவன் அப்பாவின் போனுக்குப் பொருந்தும் வயர் என்னிடம் இல்லை. ஏழரைக்குத் திரும்ப மணி கேட்டான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு, முடிஞ்சதும் போயிடலாம்" என்று அப்பா அவன் தலையைக் கோதியதை நான் பார்த்தேன். எட்டு நாற்பதுக்குக் கிளம்பினார்கள். மேசையைத் துடைக்கப் போனபோது முக்கோணங்கள் அங்கேயே இருந்தன. ஏழு. ஒரே அளவு, ஒரே இடைவெளி, நுனியெல்லாம் ஒரே திசை பார்த்து. அவன் அப்பா எத்தனை பைண்ட், அதாவது எத்தனை பெரிய கிளாஸ் பியர், குடித்தார் என்ற கணக்கு அதில் இருந்தது. அதை அவன் எண்ணித்தான் வைத்தானா என்று எனக்குத் தெரியாது. எண்ணியிருப்பான் என்றே நினைக்கிறேன்.

அந்த நாலு மணி நேரத்தில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. பையன் பெரியவர் துணையோடு இருந்தான், மது தொடவில்லை, 9 மணிக்குள் போய்விட்டான். ஆனாலும் அது தவறு. 1890-களில் ஜாடியோடு நின்ற பிள்ளை, 1910-இல் வாசற்படியில் நின்ற பிள்ளை, 1960-இல் கார் சீட்டில் கோடு போட்ட பிள்ளை, எல்லாரும் செய்ததைத்தான் இவனும் செய்தான். பெரியவர் குடித்து முடிப்பதற்காகக் காத்திருந்தான். இடம் மட்டும் கதகதப்பாகிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. பிள்ளை பப்புக்கு விருந்தாளியாக வரலாம். சாப்பிட, தோட்டத்தில் ஓட, நாயைத் தடவ, நண்பர்களின் பிள்ளைகளோடு விளையாட, பெரியவர்கள் பேசுவதைக் கேட்க. அந்த வேலைகள் முடிந்து, குடிப்பது மட்டும் தொடர்கிறது என்ற நிமிடத்திலிருந்து பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை.

"சின்ன வயதிலேயே பார்த்துப் பழகினால் அளவோடு குடிக்கக் கற்றுக்கொள்வான்" என்று உங்கள் நண்பர்களில் யாராவது சொல்லலாம். நான் இதை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2009-இல் பெற்றோருக்கு வெளியிட்ட அறிவுரை, மது இல்லாத குழந்தைப் பருவமே சிறந்தது, குறைந்தது 15 வயது வரை தொடவே வேண்டாம் என்கிறது. சீக்கிரம் தொடங்குகிறவர்களுக்குப் பின்னால் சிக்கல் அதிகம் என்பதே அதன் அடிப்படை. அதே நேரம், பப்பைக் கண்ணால் பார்த்தாலே பிள்ளை கெட்டுவிடும் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். பப்கள் குடும்பங்களுக்குத் திறந்துவிட்ட இந்த இருபது வருடத்தில் இங்கே பதின்வயதினர் குடிப்பது குறைந்துதான் வந்திருக்கிறது. பப் திறந்ததால் குறைந்தது என்று சொல்லவில்லை, அதற்குக் காரணங்கள் வேறு. ஆனால் பயந்தது நடக்கவில்லை.

பிள்ளையைப் பாதிப்பது கட்டடம் இல்லை, அப்பா அம்மாவின் மாற்றம். மது ஆய்வு நிறுவனம் என்ற அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கை, குடிக்கு அடிமையாகாத, சாதாரணமாகக் குடிக்கும் பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றியது. அப்பா அம்மா லேசாகத் தள்ளாடும் நிலைக்கு வந்தாலே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது, சிலருக்கு அது கவலையும் சங்கடமும் தருகிறது, தூங்கும் நேரம் குழம்புகிறது என்று அது காட்டியது. கவுண்டரில் நின்றவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அப்பாவின் சிரிப்பு அரை அங்குலம் அகலமாகும்போது பிள்ளை தலையைத் தூக்கிப் பார்ப்பதை எத்தனை முறை கண்டிருக்கிறேன்.

பிள்ளைகள் இல்லாத பப் வேண்டும் என்று கேட்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மனைவி இறந்தபிறகு தினமும் இரண்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் பெரியவருக்கு அந்த இடம்தான் வீட்டுக்கூடம். அவர் காலடியில் பொம்மைக் கார் ஓட்டினால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை. எங்கள் கடையில் முன்னறையைப் பெரியவர்களுக்கென்று வைத்து, குடும்பங்களைப் பின்பக்கச் சாப்பாட்டு அறைக்கும் தோட்டத்துக்கும் அனுப்புகிறோம்.

ஆபத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு ஞாயிறு மதியம். இரண்டு கையிலும் மூன்று ரோஸ்ட் தட்டு, ஒன்றின் ஓரத்தில் கொதிக்கிற கிரேவிக் கிண்ணம். மூன்று வயதுக் குழந்தை ஒன்று மேசைகளுக்கு நடுவிலிருந்து ஓடி வந்து என் முழங்காலில் மோதியது. தட்டை என் பக்கம் சாய்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்தது. குழந்தையின் முடியில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது, அவ்வளவுதான். பெற்றோர் அறையின் மறுகோடியில் இருந்தார்கள். அந்தத் தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது. குளிக்கும்போதெல்லாம் அது குழந்தையின் முகமாக இருந்திருந்தால் என்று தோன்றும். பையனை உள்ளே ஓட விடாதீர்கள். ஓடுவதற்குத் தோட்டம் இருக்கிறது, அங்கேயும் உங்களில் ஒருவர் கூடவே போங்கள். கார் நிறுத்தம் பக்கத்திலேயே இருக்கும்.

ஞாயிறுக்குச் சில யோசனைகள். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். மூன்று மணிக்கு மேல் பல இடங்களில் ரோஸ்ட் தீர்ந்துவிடும், கூட்டத்தின் தன்மையும் மாறும். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குப் போய் ஆர்டர் சொல்வதே பெரும்பாலும் வழக்கம். நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் கோழி ரோஸ்ட் கேளுங்கள், ஆனால் உருளைக்கிழங்கை எந்தக் கொழுப்பில் வறுத்தார்கள், கிரேவி எந்த எலும்புச் சாற்றில் செய்தது என்றும் கேளுங்கள். மாட்டுக் கொழுப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சைவம் என்றால் சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயில் மீனும் பொரிக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பையனுக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது லைசன்ஸ் நிபந்தனை. பிளாக்கரண்ட் ஸ்குவாஷ் கேட்டால் கொஞ்சம் காசில் முடியும். மூலையில் விளக்கு மின்னிக்கொண்டு நிற்பது சூதாட்ட இயந்திரம், 18 வயதுக்குக் கீழ் விளையாடக் கூடாது. பிள்ளைகள் அந்த விளக்குக்குத்தான் முதலில் ஓடுவார்கள், அதற்குப் பக்கத்து மேசையை எடுக்காதீர்கள். யார் குடிப்பது, யார் குடிக்காமல் இருப்பது என்று கணவன் மனைவி வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று பையனிடமும் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், நண்பர்கள் இன்னொரு ரவுண்டுக்கு எவ்வளவு வற்புறுத்தினாலும்.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பப்பில் வேலை பார்ப்பது மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்குத் தெரியும், ஆனால் பேத்தி அங்கே போவது அவருக்கு வேறு விஷயம். என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிறு சாயங்காலம் வீடியோ காலில், "பாட்டி, இன்னைக்கு நாங்க எல்லாரும் பப்புக்குப் போனோமே" என்று சொல்லிவிட்டாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னடி சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"யார்க்‌ஷயர் புட்டிங். பூரி மாதிரி உப்பி இருக்கும் பாட்டி. நடுவுல பள்ளமா இருக்கும், அதுல குழம்பு ஊத்திக்கலாம்." இரண்டு கையையும் குவித்துக் கிண்ணம் போலக் காட்டினாள்.

"உங்கப்பன் என்ன குடிச்சான்?"

"லைம் சோடா."

அம்மா திரையில் என்னைத் தேடினார். நான் தள்ளி நின்றிருந்தவன், கேமராவுக்கு முன்னால் வந்து, "ஆமாம்மா, அவ சொல்றது நிஜந்தான்" என்றேன்.